முதலில் பத்திரம், அப்புறம் திவால் சட்டம்

கேள்வி: திருச்சியில் சட்டம் இறுதியாண்டு படிக்கிறேன். கம்பெனி, திவால், ரியல் எஸ்டேட் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் வக்கீலாக வர ஆசை. படித்து முடித்ததும் நேராகச் சென்னைக்குப் போய், கம்பெனி, திவால் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயமான என்சிஎல்டியில் வழக்கு நடத்தும் அலுவலகத்தில் சேரலாமா? அப்பாவோ இங்கேயே பத்திர வேலை பார்க்கும் சீனியரிடம் சேரச் சொல்கிறார்.

பதில்: அப்பா சொல்வதைக் கேளுங்கள், குறைந்தது இரண்டு வருடத்துக்கு. 2016 திவால் சட்டத்தில் 255 பிரிவுகள்தான். முனைப்பாக உட்கார்ந்தால் எங்கிருந்தும் படித்துவிடலாம். ஆனால் அந்தச் சட்டப்படி நடக்கும் சண்டைகளில் பல, கடைசியில் ஒரு நிலப் பத்திரத்தில் வந்து நிற்கின்றன. அதை வாசிக்கத் தெரியாதவர் என்சிஎல்டியில் பேச்சு இழந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பில்டர் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போகிறது என்று வையுங்கள். கம்பெனிக்கு என்ன சொத்து இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. நம் ஊரில் பல திட்டங்களில் நிலம் பில்டர் பெயரில் இருக்காது. நிலத்துக்காரர் கூட்டு ஒப்பந்தம் போட்டு, பவர் எழுதிக் கொடுத்திருப்பார். அந்தப் பவரை வைத்து பில்டர், வீடு வாங்குபவர்களுக்கு யூடிஎஸ் எனும் பிரிபடாத பாகத்தைப் பதிவு செய்து கொடுத்திருப்பார். கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம். பதிவான யூடிஎஸ் வாங்கியவருடையது, விற்காத பாகம் நிலத்துக்காரருடையது. திவால் நடவடிக்கையின்போது கம்பெனியை ஏற்று நடத்தும் தீர்வு நிபுணர், பிறர் சொத்தைக் கம்பெனிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த நிலத்தில் கட்டுவதற்கான உரிமையே கம்பெனியின் சொத்தாகலாம் என்று 2023இல் விக்டரி அயர்ன் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் எது யாருடையது? பவரில் என்ன எழுதியிருக்கிறது, கூட்டு ஒப்பந்தத்தில் எந்தத் தேதிக்குள் முடிப்பதாகச் சொன்னார்கள், அது ரத்தானதா என்று வரிவரியாகப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

வீடு வாங்கியவர்கள் பக்கமும் அப்படித்தான். 2018 திருத்தத்துக்குப் பிறகு அவர்களும் வங்கிபோல, கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்களாகவே கணக்கு. கடன் கொடுத்தவர்கள் குழுவில் ஓட்டு உண்டு. 2020க்குப் பிறகு பில்டர் மீது அவர்களாகத் திவால் மனுப் போட வேண்டுமானால், ஒரே திட்டத்தில் வாங்கியவர்களில் 100 பேர் அல்லது 10 சதவீதம், இதில் எது குறைவோ அத்தனை பேர் சேர வேண்டும். ஆயுள் சேமிப்பைக் கொட்டியவர்கள் உங்கள் முன் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு வர வேண்டியதைக் கேட்கும் உரிமைகோரலை, அதற்கென உள்ள படிவம் சிஏயில், கெடுவுக்குள் தாக்கல் செய்துகொடுப்பது அவர்களுக்கு நீங்கள் செய்யும் முதல் உதவி.

சரி, பத்திர வேலையில் என்ன கற்றுக்கொள்வது? வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைக்காமல் இருக்க. 1992இல் அண்ணன் தம்பி இருவர் மட்டும் கையெழுத்திட்ட ஒரு பூர்வீகச் சொத்துப் பாகப்பிரிவினை கைக்கு வருகிறது. வில்லங்கத்தில் எந்தச் சிக்கலும் தெரியாது. ஆனால் 25.3.1989 அன்று கல்யாணமாகாத ஒரு தங்கை வீட்டில் இருந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்தப்படி அவளுக்கும் பங்கு உண்டு. வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும். தாய்ப்பத்திரம், பட்டா, கிராம நிலக் கணக்கான அ-பதிவேடு, வங்கியில் பத்திரம் வைத்ததற்கான பதிவு என்று ஒவ்வொன்றையும் நாளெல்லாம் புரட்டப் புரட்டத்தான் இந்தக் கண் வரும். வங்கிகளுக்கு லீகல் ஒப்பீனியன் கொடுக்கும் சீனியர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

திவாலும் உங்கள் ஊரிலேயே உண்டு. மஞ்சள் கடுதாசி கொடுக்கும் தனிநபர் வழக்குகள் சென்னைக்கு வெளியே இன்னும் 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டப்படிதான் நடக்கின்றன. சீனியரிடம் அப்படி ஒரு கட்டு இருந்தால் கேட்டு வாங்கிப் படியுங்கள். கம்பெனிச் சட்டத்தை மாலையில் படிக்கலாம். பேலன்ஸ் ஷீட் வாசிக்க மட்டும் ஓர் ஆடிட்டர் நண்பரைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதைத் தனியாகக் கற்பது கஷ்டம்.

அப்புறம் சென்னைக்கு வாருங்கள். என்சிஎல்டி, கடன் மீட்புத் தீர்ப்பாயம், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெரா மூன்றிலும் வேலை இருக்கும் அலுவலகமாகப் பாருங்கள். ஒன்றை மட்டும் செய்யும் இடத்தில் நீங்கள் கேட்ட அந்தச் சேர்க்கை கிடைக்காது. பத்து வருடம் வக்கீலாக இருந்தபின், விரும்பினால் தேர்வெழுதி, தீர்வு நிபுணராக அமர்த்தப்படக்கூடிய திவால் தொழில் நிபுணராகப் பதிவு செய்யலாம். அதற்கு இப்போது அவசரமில்லை.

சீனியரிடம் சேரும்போது மாதத் தொகையைப் பற்றிக் கூச்சப்படாமல் பேசுங்கள். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. திருச்சிக்கு 15,000. வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணத்திலும் ஏமாற வேண்டாம்: பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், சட்டத்தில் உள்ள இந்தத் தொகைக்கு மேல் பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.