கிட்டாரும் கம்ப்ரஸரும்: ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் பாடகர் குழுவில் ஆறு ஆண்டுகளாகக் கிட்டார் வாசித்து வருகிறேன். பியஸோ பிக்கப் (அதிர்வை மின்னலையாக மாற்றும் சிறு கருவி) பொருத்திய அகூஸ்டிக் கிட்டார் ஒன்றுதான் என்னிடம் உள்ளது. அண்மையில் மதுரையில் ஒருவரிடமிருந்து பழைய கம்ப்ரஸர் பெடல் ஒன்றை வாங்கினேன்; கிட்டாரின் உரப்பைச் சீராக்கும், காலால் இயக்கும் சிறு பெட்டி அது. லெவல், டோன், அட்டாக், சஸ்டெயின் என்று அதில் நான்கு குமிழ்கள் இருக்கின்றன. வீட்டில் சின்ன ஆம்பில் (கிட்டார் ஒலிபெருக்கியில்) வாசித்தபோது ஒவ்வொரு சுரமும் நீண்டு, ஒரே சீராக, ஒலிப்பதிவில் கேட்பதுபோல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோனதும் எல்லாம் மாறிவிட்டது. இரைச்சல் கூடியது. வாசிக்கும்போது ஒன்றுமில்லை, கையை எடுத்ததும் ஸ்பீக்கர் ஊளையிடுகிறது. கீபோர்டு வாசிப்பவர் ‘உன் கிட்டாரில் உயிரே இல்லை’ என்றார். அனுபவமுள்ள இருவரிடம் கேட்டேன். ஒருவர் அதை ஒருபோதும் அணைக்கக் கூடாது என்கிறார். இன்னொருவர், கை சரியில்லாதவர்களுக்குத்தான் அந்தப் பெடல் தேவை என்கிறார். யார் சொல்வது சரி? உங்கள் அனுபவம் என்ன? பெடலை விற்றுவிடலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர், தங்கச்சிமடம்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மீண்டும் மீண்டும் படித்தேன். வாசிக்கும்போது ஒன்றுமில்லை, கையை எடுத்ததும் ஸ்பீக்கர் ஊளையிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டவற்றில் பெரும்பகுதிக்கு அந்த வரியிலேயே விடை இருக்கிறது. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கம்ப்ரஸர் தன் பங்குக்கு எந்த இனிமையையும் கிட்டாரில் சேர்ப்பதில்லை. வருகின்ற ஒலியலையின் அளவை இடைவிடாமல் கவனித்து, ஒரு வரம்பைத் தாண்டி எழும் பகுதியை மட்டும் குறிப்பிட்ட விகிதத்தில் தாழ்த்துகிறது. விகிதம் நான்குக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், வரம்புக்கு மேல் 12 டெசிபல் எழுந்த அடி, 3 டெசிபல் மட்டுமே எழுந்ததாக வெளியே வரும். மீதி 9 டெசிபல் போய்விடும். இப்படித் தணிந்த ஒலியைப் பழைய உரப்புக்குக் கொண்டுவருவதற்காக லெவல் குமிழைத் திருப்பி அதே 9 டெசிபலை ஏற்றுகிறோம். மின்னழுத்தக் கணக்கில் அது ஏறத்தாழ 2.8 மடங்கு. பலமாக அடிக்கும்வரை குறைப்பும் ஏற்றமும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுகின்றன. கையை எடுத்துவிட்டாலோ குறைப்பதற்கு எதுவும் இல்லாமல் போய், ஏற்றம் மட்டும் முழுதாக நிற்கிறது. அந்தக் கணத்தில் உங்கள் கிட்டாரின் மரப்பெட்டி ஸ்பீக்கரின் ஒலியை வாங்கி அதிர்கிறது, பிக்கப் அந்த அதிர்வை மிக்ஸருக்கு (எல்லா ஒலிகளையும் கலக்கும் கருவிக்கு) அனுப்புகிறது, அது மேலும் பெரிதாகி ஸ்பீக்கர் வழியே மீண்டும் பெட்டிக்கே வருகிறது. நீங்கள் கேட்ட ஊளை இந்தச் சுற்றில் பிறந்தது. இரைச்சலும் அவ்வாறே. அது முன்பும் அங்கே இருந்ததுதான். காதுக்கு எட்டாத ஆழத்தில் கிடந்ததைப் பெடல் மேலே தூக்கிவிட்டது.

பாம்பனுக்குத் தெற்கே, தீவுகளை ஒட்டிக் கிடக்கும் பார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பார்களில் மோதிப் பெரிய அலை உடைந்து தணிகிறது. சிறிய அலை பெரிதாக ஒன்றும் இழக்காமல் உள்ளே வருகிறது. கம்ப்ரஸரின் முதற்பாதி வேலைக்கு நம் கரையில் இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பெரிய அலையை உடைத்ததற்கு ஈடாகக் கடல் மட்டம் முழுவதையும் பார் உயர்த்துவதில்லை. பெடல் உயர்த்துகிறது. உங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தொல்லைகள் எல்லாம் அந்த இரண்டாம் பாதியிலிருந்து வந்தவை.

வீட்டில் ஏன் நன்றாக இருந்தது? சுரம் நீள்வதாக நாம் உணர்வதும் இந்த ஏற்றத்தால்தான். கம்பி அதிரும் காலத்தைப் பெடல் ஒரு நொடிகூடக் கூட்டுவதில்லை. ஒலி தேயத் தேய, முதலில் பிடித்து வைத்த அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பதால், தேய்வு தாமதமாகத் தெரிகிறது. மெத்தையும் திரைச்சீலையும் உள்ள சிறிய அறையில் சுரம் விரைந்து மடிந்துவிடும் என்பதால், அங்கே இந்த நீட்சி இனிக்கிறது. கோயிலின் உயர்ந்த கூரையும் வெற்றுச் சுவர்களும் தாமாகவே ஒலியை நீட்டுபவை. அந்த நீட்சியின்மேல் பெடலின் நீட்சியையும் ஏற்றினால், முந்தைய கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரத்தொகுதி) மடியும் முன்பே அடுத்த கார்டு வந்து விழுந்து, சொற்கள் கேட்க வேண்டிய இடமெல்லாம் கிட்டாரால் நிறைந்துவிடும். பாடகர் குழுவுக்குக் கிட்டார் செய்யக்கூடிய உதவிகளில் முக்கியமானது இரண்டு அடிகளுக்கு நடுவே வெற்றிடம் விடுவது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த இருவரிடமும் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அவர்கள் வாசிக்கும் கருவியும் இடமும் வெவ்வேறாக இருக்கக்கூடும். கம்ப்ரஸரின் வேர் 1930-களின் வானொலி நிலையங்களில் இருக்கிறது. பேச்சாளர் திடீரெனக் குரல் உயர்த்தினால் ஒலிபரப்பி தாங்காது என்பதற்காக உருவானது. 1960-களில் எல்ஏ-2ஏ, 1176 போன்ற ஸ்டுடியோப் பெட்டிகள் வந்தன. அமெரிக்காவின் ‘பர்ட்ஸ்’ குழுவின் ரோஜர் மக்குயின் தம் 12 கம்பி ரிக்கன்பேக்கர் கிட்டாரை ஸ்டுடியோ கம்ப்ரஸர் வழியே பதிவுசெய்தபோது கிடைத்த மணியொலி, அந்தக் கிட்டாரின் இயல்பொலி என்றே உலகம் எடுத்துக்கொண்டது. 1970-களில் எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தின் டைனா காம்ப், அவுட்புட், சென்சிட்டிவிட்டி என்ற இரண்டே குமிழ்களுடன் இதைக் காலடிக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லோவெல் ஜார்ஜின் ஸ்லைடு வாசிப்பில் (கம்பிமேல் குழாயைச் சறுக்கி வாசிப்பதில்) சுரம் பாடகர் மூச்சுப்போல நீள்வதற்கும், அமெரிக்க நாட்டுப்புற இசை நகரான நாஷ்வில்லின் கிட்டார்க்காரர்களின் கம்பியைச் சுண்டி வாசிக்கும் துள்ளலுக்கும் கம்ப்ரஸர் பெருந்துணை. இவர்கள் எல்லோரும் வாசித்தது காந்தப் பிக்கப் கொண்ட எலெக்ட்ரிக் கிட்டார். அதைச் சுத்தமான ஒலியில் வாசிப்பவர் ‘அணைக்கவே மாட்டேன்’ என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. கீழக்கரையைச் சேர்ந்த என் நண்பர் ஒருவர் பேஸ் கிட்டாரில் அப்படித்தான் வைத்திருக்கிறார். கம்பிக்குக் கம்பி உரப்பு மாறாமல் தரை போல நிற்க வேண்டிய வாத்தியத்துக்கு அது தகும்.

கை சரியில்லாதவர்களுக்குத்தான் தேவை என்று சொன்னவரிடமும் ஒரு பாதி உண்மை உண்டு. அதை என் கையிலிருந்தே சொல்கிறேன். இராமநாதபுரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்த காலத்தில், நான்கு ஆண்டுகள் கம்ப்ரஸரை அணைத்ததே இல்லை. தொண்டிப் பக்கம் ஒரு திருமணக் கச்சேரியில் அடாப்டர் பழுதாகிவிட்டது. பெடல் இல்லாமல் நேராக ஆம்பில் இணைத்து வாசித்தேன். பல்லவி முடிந்து சரணத்தில் பாடகி மெல்லிய குரலில் எடுத்தபோது, நான் அவர் குரலின்மேல் அதே பலத்தோடு அடித்துக்கொண்டிருப்பதைக் கேட்டேன். தணிக்க முயன்றேன், முடியவில்லை. மெல்ல அடித்தாலும் பலமாக அடித்தாலும் ஒரே பயன் என்று நான்கு ஆண்டுகள் கற்பிக்கப்பட்ட கை, மெல்ல அடிப்பதை மறந்திருந்தது. அதன்பின் பல மாதங்கள், ஒரே கார்டை எட்டுப் படிகளில் மெல்லியதிலிருந்து உரத்ததற்கு ஏற்றி இறக்கிப் பழகித்தான் அதை மீட்டேன். கம்ப்ரஸர் செய்யும் மாற்றத்தை அவையில் இருப்பவர் பெரும்பாலும் பெயர் சொல்லி அறிவதில்லை. வாசிப்பவரின் வலது கைதான் அதை முதலில் அறிகிறது, அறிந்ததும் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. பெடல் கையின் குறையை மறைக்குமா என்று கேட்டால், உரப்பின் ஏற்றத்தாழ்வை மறைக்கும். கம்பியில் விரல் உரசும் கீச்சொலியையும், சரியாக அழுத்தாத கம்பியின் கரகரப்பையும் முன்னைவிடப் பெரிதாக்கிக் காட்டும். ஆகவே அது கை சரியில்லாதவருக்கான மருந்தும் இல்லை.

இனி ‘உயிரே இல்லை’ என்ற சொல்லுக்கு வருகிறேன். கீபோர்டு வாசிக்கும் உங்கள் நண்பரின் காது நல்ல காது. கிட்டார் அப்படி ஒலித்ததற்கு இரண்டு காரணங்களை ஊகிக்கிறேன்.

முதலாவது அட்டாக். பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கம்பியைத் தொட்டு விடும் முதற்கணத்தில்தான் கிட்டாரின் முகம் இருக்கிறது. எந்தக் கம்பி, எந்தக் கை, எவ்வளவு கோபம், எவ்வளவு பரிவு என்பதெல்லாம் சில மில்லி நொடிகளுக்குள் காதுக்குத் தெரிந்துவிடுகின்றன. கம்ப்ரஸர் ஒன்றிரண்டு மில்லி நொடிகளிலேயே பாய்ந்து பிடித்தால் அந்த முகம் நசுங்கி, ஒவ்வொரு அடியும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். 20, 30 மில்லி நொடி தாமதித்துப் பிடித்தால் பிக்கின் அடி முழுதாகக் கடந்துபோன பிறகே, தொடரும் ஒலியின் உடலைத் தாங்கும். அட்டாக் குமிழின் திசை எல்லாப் பெடல்களிலும் ஒன்றல்ல. சிலவற்றில் வலப்புறம் திருப்பினால் அடி கூர்மையாகும். முன்பு சொன்ன 1176 ஸ்டுடியோப் பெட்டியில் வலப்புறம் போகப் போகப் பிடிப்பு வேகமாகும். அதனால் குமிழின்மேல் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, ஒரே கம்பியைத் திரும்பத் திரும்ப அடித்தபடி முழுவதும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். ‘டக்’ என்ற முனை மறையும் இடமும் திரும்பி வரும் இடமும் உங்களுக்கே கேட்கும். பிடித்ததை விடும் வேகம் உங்கள் பெடலில் உள்ளே நிலையாக அமைக்கப்பட்டிருக்கும், அதில் நாம் செய்ய ஒன்றுமில்லை. சஸ்டெயினை (நீட்சியைக் கூட்டும் குமிழை) மிகுதியாக ஏற்றினால் ஒவ்வொரு கார்டுக்கும் பின்னால், அலை திரும்பியதும் மணலில் நுரை சீறுவதுபோல் ஓர் இரைச்சல் எழும். அது கேட்கத் தொடங்கும் இடமே அந்தக் குமிழின் எல்லை.

இரண்டாவது காரணம் பியஸோ பிக்கப். பெரும்பாலான பெடல்கள் காந்தப் பிக்கப்பின் மெல்லிய அளவை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. உங்கள் கிட்டாரின் பக்கவாட்டில் பேட்டரியோடு உள்ள ப்ரீஆம்ப் (பிக்கப்பின் ஒலியை முதலில் பெருக்கும் பகுதி) அதைவிடப் பலமாக அனுப்பக்கூடும். எனில் நீங்கள் எவ்வளவு மெல்ல வாசித்தாலும் வரம்பைத் தாண்டிவிடுகிறீர்கள், பெடல் ஒருபோதும் விடுவதில்லை. கிட்டாரின் ஒலியளவைப் பாதிக்குக் குறைத்துவிட்டு, சஸ்டெயினைக் கால்பங்கில் வைத்துத் தொடங்குங்கள். பிறகு, பெடலைப் போட்டாலும் அணைத்தாலும் உரப்பு ஒன்றாகவே இருக்கும்படி லெவலைச் சரிசெய்யுங்கள். இது மிக முக்கியம். சற்று உரத்த ஒலி எதுவானாலும் நம் காதுக்கு நல்ல ஒலியாகவே தோன்றும். வீட்டில் உங்களை மயக்கியதில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

பெடலைத் தொடும் முன்பு பார்க்க வேண்டியவையும் உண்டு. நம் உப்புக்காற்றில் கம்பிகள் விரைவில் கறுத்து, மணியொலியையும் நீட்சியையும் இழக்கின்றன. புதிய கம்பி தரும் நீட்சிக்காகவே பெடல் வாங்கியவர்களை நான் அறிவேன். ஒவ்வொரு முறை வாசித்த பின்னும் கம்பியை உலர்ந்த துணியால் துடைத்துக் கிட்டாரைப் பெட்டிக்குள் வையுங்கள். ஜாக்கின் உலோகத்திலும் உப்பு படிந்து கரகரப்பு உண்டாகும், அதையும் கம்ப்ரஸர் ஏற்றித்தான் காட்டும். இரைச்சல் அடாப்டரிலிருந்து வருகிறதா என்பதை அறிய, அதைக் கழற்றிவிட்டு 9 வோல்ட் பேட்டரியில் ஒரு முறை வாசித்தால் போதும். கோயிலின் மிக்ஸரில் உங்கள் சேனலிலேயே கம்ப்ரஸர் குமிழ் ஒன்று இருக்கக்கூடும். சிறிய மிக்ஸர்கள் பலவற்றில் இப்போது இருக்கிறது. ஒலிபெருக்கி பார்ப்பவர் அதைத் திருப்பி வைத்திருந்தால், நசுக்கியதையே மறுபடி நசுக்குகிறீர்கள்.

பெடலை விற்க வேண்டாம். முதலில் கம்பிகளை மாற்றி, இரண்டு ஞாயிறுகள் அது இல்லாமலே வாசியுங்கள். வழிபாட்டின் தொடக்கத்தில் பாடும் வருகைப் பாடலின் ஏற்றம் உங்கள் கையிலிருந்தே வரட்டும். மூன்றாம் ஞாயிறு, திருவிருந்துக்குப் பின் விரல்களால் கம்பி கம்பியாக எடுத்து வாசிக்கும் தியானப் பாடலுக்கு மட்டும் அதைப் போடுங்கள். கட்டைவிரலின் தடித்த கம்பியும் மோதிரவிரலின் மெல்லிய கம்பியும் ஒன்றையொன்று மூடாமல் நிற்க அங்கே அது உதவும். பாடல் முடிந்ததும், கடைசிக் கார்டு மடியும் முன்பே அணைத்துவிடுங்கள். அப்போதும் ஊளை வந்தால், நீங்கள் ஸ்பீக்கருக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தொலைவில் அமர்கிறீர்கள் என்று ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்