அலை உடையாத இடத்தில் இறங்காதீர்கள்: கடற்கரை எச்சரிக்கை பற்றிய கேள்வி பதில்

பல ஆண்டுகள் கடற்கரையில் உயிர்காப்பாளராக நின்றவன் நான். இப்போது எச்சரிக்கைக் கொடிகளையும் பலகைகளையும் எங்கே, எப்படி வைப்பது என்று பயிற்சி தருகிறேன். வந்த கேள்விகளில் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையவற்றை முதலில் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, இரண்டு பக்கமும் அலை புரண்டு அடிக்கிறது. நடுவில் மட்டும் தண்ணீர் தட்டையாகக் கிடக்கிறது. குழந்தைகளை அங்கே இறக்கலாம்தானே?

பதில்: தயவுசெய்து இறக்காதீர்கள். அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் ஏதாவது ஒரு வழியில் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே வாய்க்கால் போல ஒரு பள்ளம் இருந்தால் அந்த வழியே பாயும். பள்ளத்தில் ஆழம் கூடுதல் என்பதால் அங்கே அலை உடைவதில்லை. கரையில் நிற்பவர் கண்ணுக்கு அது அமைதியாகத் தெரிகிறது. இந்த இழுப்பு நீரோட்டம் வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டி ஓடியதையும் அளந்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற நீச்சல் வீரரே அதை எதிர்த்தால் களைத்துப்போவார்.

இறங்கும் முன் சற்று உயரமான இடத்தில் நின்று பத்து நிமிடம் பாருங்கள். தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் கருத்திருக்கிறதா? நுரையும் கலங்கிய மணலும் அங்கே கடலை நோக்கிப் போகின்றனவா? அதுதான் அந்த வாய்க்கால். தூண்டில் வளைவுகளை (மணல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்புகளை) ஒட்டியும் பாலத் தூண்களை ஒட்டியும் இது அடிக்கடி உருவாகும். நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கும் என்று நம்பவும் முடியாது, மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

கேள்வி: அதில் மாட்டிக்கொண்டால்?

பதில்: அது உங்களைக் கரையிலிருந்து விலக்கிக் கொண்டுபோகும், அடியில் இழுத்து அமுக்காது. இந்த ஒன்று நினைவிருந்தாலே பாதி பயம் போய்விடும். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். கையை உயர்த்தி உதவி கேளுங்கள். பல நேரங்களில் நீரோட்டமே சுழன்று மணல் திட்டின் பக்கம் கொண்டுவந்து விடுகிறது. தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, வெள்ளை நுரையோடு அலை உடையும் பக்கமாக நீந்துங்கள். நேராகக் கரையை நோக்கிப் போராடுவதுதான் ஆளைக் கொல்கிறது.

கேள்வி: எங்கள் உள்ளாட்சி சார்பில் ‘ஆபத்து, குளிக்காதீர்கள்’ என்று பலகை வைத்திருக்கிறோம். யாருமே மதிப்பதில்லை. மக்களிடம் பொறுப்பில்லையா?

பதில்: மக்களைக் குறை சொல்வதற்கு முன் பலகையைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கடற்கரைகளில் செய்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், ஏதாவது ஒரு பலகையைக் கவனித்ததாகச் சொன்னவர்கள் 45 சதவீதம் பேர்தான். கண்ணில் படாததை எப்படி மதிப்பார்கள்?

நான் வேலை பார்த்த ஒரு கடற்கரையில் ஒரு குடும்பம் எங்கள் எச்சரிக்கைப் பலகையின் மேலேயே துணிகளைப் போட்டுவிட்டுக் கடலில் இறங்கியது. மூன்று பேரை இழுத்து வந்தோம், மூவரும் பிழைத்தார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. துணி போட வசதியான உயரத்தில் அதை நட்டது நாங்கள்தான். நட்ட நாளிலிருந்து ஒரு எழுத்தையும் மாற்றாமல் விட்டதும் நாங்கள்தான்.

‘ஆபத்து’ என்ற ஒரு சொல் போதாது. என்ன ஆபத்து, எந்தப் பக்கம், என்ன செய்ய வேண்டும் ஆகிய மூன்றும் வேண்டும். ‘இன்று இந்தப் பாறைக்கு இடப்பக்கம் இழுப்பு பலமாக இருக்கிறது. கொடிகளுக்கு நடுவே மட்டும் குளியுங்கள்’ என்று தேதியோடு எழுதுங்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் வெளியூர்க்காரருக்கும் படம் வேண்டும். மணலுக்கு வந்தவரின் கண் கடல் மீதே இருக்கும், அதனால் வண்டி நிறுத்துமிடத்திலும் நுழைவாயிலிலும் வையுங்கள். ஆபத்து நீங்கிய அன்றே தற்காலிகப் பலகையை எடுத்துவிடுங்கள். அமைதியான கடலுக்கு முன்னால் ஒரு மாதம் ‘ஆபத்து’ என்று நின்ற பலகையை, கொந்தளிக்கும் நாளில் யார் நம்புவார்கள்? எல்லாவற்றையும் விட, இறங்கப் போகிறவரிடம் ஓர் ஆள் போய் முகம் பார்த்துச் சொல்வதற்கு ஈடில்லை.

கேள்வி: கொடிகளின் நிறத்துக்கு என்ன பொருள்?

பதில்: மேல்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளும் உள்ள இரு கொடிகளுக்கு நடுவே உயிர்காப்பாளர் கண்காணிக்கிறார், அங்கே குளியுங்கள். முழுச் சிவப்பு என்றால் தண்ணீரில் இறங்காதீர்கள். ஊதா பல இடங்களில் சொறிமீன் போன்ற உயிரினங்களுக்கான எச்சரிக்கை. இடத்துக்கு இடம் சிறு வேறுபாடுகள் உண்டு, ஆகவே அங்குள்ள விளக்கப் பலகையையும் பாருங்கள். கொடியே இல்லை என்றால் பார்த்துக்கொள்ள ஆளே இல்லை என்று பொருள்.

கேள்வி: என் மகளுக்குக் காது கேட்காது. விசில், ஒலிபெருக்கி எதுவும் அவளுக்குப் பயன்படாதே?

பதில்: மிக முக்கியமான கேள்வி, அம்மா. ஜப்பானில் 2020 முதல் சுனாமி எச்சரிக்கைக்குச் சிவப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட பெரிய கொடியைக் கரையில் அசைத்துக் காட்டுகிறார்கள். காற்றிலும் அலைச் சத்தத்திலும் காது கேட்பவருக்கே ஒலிபெருக்கி சரியாகக் கேட்பதில்லை, அவர்களுக்கும் அது உதவுகிறது. நீங்கள் போனவுடன் உயிர்காப்பாளரிடம் மகளைக் காட்டிச் சொல்லுங்கள். ‘வெளியே வா’ என்பதற்கு ஒரு கைச்சைகையை மூவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வானம் தெளிவு, காற்றும் இல்லை. அன்றைக்கும் எச்சரிக்கை விடுகிறார்களே?

பதில்: பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலைகள் நாள் கணக்கில் பயணம் செய்து உங்கள் கரைக்கு வரும். முன்னறிவிப்பே இல்லாததுபோல் வருவதால்தான் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். இவ்வலைகள் நீண்ட இடைவெளி விட்டு வரும், ஆனால் கரையில் வெகுதூரம் ஏறும். அந்த நாட்களில் பாறை மேல் நின்று படம் எடுக்காதீர்கள்.

கேள்வி: நண்பர் மூழ்குகிறார். எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். குதிக்கலாமா?

பதில்: முதலில் கத்தி ஆள் கூப்பிடுங்கள். பிறகு மிதக்கும் எதையாவது வீசுங்கள்: காலிக் குடம், மூடிய பெரிய பாட்டில், கயிறு கட்டிய டியூப். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்கிய வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். இன்னொன்று, மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை. வாய் தண்ணீர் மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, நிமிர்ந்த நிலையில் சத்தமில்லாமல் இருப்பார். குழந்தை திடீரென்று அமைதியானால் உடனே பாருங்கள்.

கேள்வி: இடி இடித்தால்?

பதில்: உடனே வெளியேறிக் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகு திரும்பலாம்.

கேள்வி: மணலில் குழி தோண்டி விளையாடுவதில் என்ன ஆபத்து இருக்க முடியும்?

பதில்: பக்கவாட்டு மணல் நொடியில் சரிந்து ஆளை மூடிவிடும். அதன் கனத்தில் மூச்சு விட முடியாது. அங்கே இருப்பதிலேயே சிறிய குழந்தையின் முழங்கால் ஆழத்துக்கு மேல் தோண்ட விடாதீர்கள். கிளம்பும்போது குழியை மூடிவிட்டுப் போங்கள். இருட்டில் உதவிக்கு ஓடிவரும் உயிர்காப்பாளரின் கால் அதில்தான் மாட்டும்.