கப்பல் போனால்தான் வரலாறா?

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்பில் சோழர் பாடம் எடுத்தேன். ஒரு பையன், “கடாரத்துல யாரு சார் ராஜா? எதுக்குச் சண்டை?” என்றான். பாதிதான் சொல்ல முடிந்தது. அவனுடைய சித்தப்பா சுங்கைப் பட்டாணியில் ஹோட்டல் வேலையில் இருக்கிறாராம். பிரெஞ்சுப் புரட்சியைப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ஏன் ஒன்றும் தெரிவதில்லை?

அரசுப் பள்ளி ஆசிரியர், பாலக்கோடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்தச் சித்தப்பா இருப்பதே கடாரத்தில்தான். சுங்கைப் பட்டாணி, மலேசியாவின் கெடா மாநிலத்து ஊர். கெடாதான் பழைய கடாரம். பக்கத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. ஜெராய் மலையடியில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் இருக்கின்றன. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளையும், துருத்தியின் மண்குழாய்த் துண்டுகளையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த பழங்கால இரும்பைப் பற்றிக் கேள்விப்பட்ட நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். லீவு நாளில் மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போய் நாலு படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரன் போட்ட பாடத்திட்டத்தைக் குறை சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. அவன் போய் எத்தனை வருஷமாகிறது! யாராவது கப்பலில் போய் இறங்கினால்தான் அந்த நாடுகள் நம் புத்தகத்தில் கண் விழிக்கின்றன. 1025இல் ராஜேந்திர சோழன் கடாரத்துக்குப் போகிறான், அவனோடு பாடமும் ஊர் திரும்பிவிடுகிறது. அப்புறம் பத்தாம் வகுப்பில் இந்தோ-சீனா. அதுவும் பிரெஞ்சுக்காரன் வந்தபிறகு.

பையன் கேட்டது நல்ல கேள்வி. கடாரம் அப்போது ஸ்ரீவிஜய அரசர்களின் கையில் இருந்தது. ஸ்ரீவிஜயம் சுமத்ராவின் பலெம்பாங்கை மையமாகக் கொண்ட அரசு. சீனாவுக்குப் போகிற சரக்கு மலாக்கா நீரிணையைத் தாண்ட வேண்டும். அது அவர்கள் கையில். அந்த அரசர்கள்தான் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்தைக் கட்டினார்கள். ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். இருபது வருஷத்துக்குள் மகன் படையெடுக்கிறான். நடுவில் என்ன கெட்டது? சீன வணிகப் போட்டி என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. இதை வகுப்பில் விவாதிக்க விட்டாலே ஒரு பீரியட் போதாது.

சண்டையோடு உறவும் முடியவில்லை. 1088இல் சுமத்ராவின் பாரூஸில் தமிழ் வணிகக் குழு கல்வெட்டு வைத்திருக்கிறது. அதைவிட எனக்கு உறுத்துவது 1942-43இல் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை. மலாயா தோட்டங்களிலிருந்து அந்த வேலைக்குக் கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். ‘கடாரம் கொண்டான்’ என்று ராஜேந்திரனுக்கு மேடை போடுகிற நாம் இவர்களை வகுப்பில் பேசுவதேயில்லை.

புத்தகம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். ஆசியப் படத்தை மாட்டி, நாகப்பட்டினத்திலிருந்து டெல்லிக்கும் சுமத்ராவின் வடமுனைக்கும் ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். சுமத்ராதான் பக்கம்.