படுக்கவைத்த பிரிட்ஜ் பெட்டி: சுவர் ஏன் வளைகிறது?

பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் பிள்ளைகளுக்கு விளையாட்டு வீடு செய்தேன், சுவர் வளைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டியை நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்து வாசல் வெட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். சுவர் வளைய அநேகமாக அதுதான் காரணம். அட்டையின் இரு தாள்களுக்கு நடுவே அலைபோல் ஓடும் நெளிவரிகள் மேலிருந்து கீழாக நின்றால்தான் பாரம் தாங்கும். படுத்துவிட்டால் மடியத்தான் செய்யும்.

வெட்டியெடுத்த வாசல் துண்டை இரு திசையிலும் மடித்துப் பாருங்கள். எளிதில் மடியும் கோடு, வாசலில் தரைக்கு இணையாக இருந்ததா? அப்படியானால் சந்தேகமே இல்லை.

நிமிர்த்த முடியாது என்றால், மூலைகளிலும் வாசல் ஓரங்களிலும் வரி செங்குத்தாக வரும்படி அட்டைப்பட்டைகளை ஒட்டுங்கள். ஃபெவிகாலை மெல்லியதாகத் தடவுங்கள். ஈரம் ஊறினால் அட்டை தளரும்.

கடற்காற்று வீசும் மொட்டைமாடியில் இரவு முழுவதும் விட்டுவைத்தால் எந்தப் பட்டையும் காப்பாற்றாது. பெட்டியின் கூரைமேல் பிள்ளைகளை ஏற விடாதீர்கள்.