வைபை உங்களுடையது என்றால் குற்றமும் உங்களுடையதா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு மேல்மாடியில் நான்கு பல்கலைக்கழகப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். எங்கள் இணைய இணைப்பில் ஒரு திரைப்படம் களவாகத் தரவிறக்கப்பட்டதாம். 14 நாளுக்குள் 150,000 ரூபாய் கட்டாவிட்டால் பொலிஸில் முறையிடுவோம் என்று சட்டத்தரணி ஒருவரின் கடிதம் வந்திருக்கிறது. ஊருக்குத் தெரியமுதல் கட்டிவிடுவோம் என்கிறார் கணவர். என்ன செய்ய?

பதில்: ரீச்சர், காசைக் கட்டாதீர்கள். கடிதத்தைக் கிழித்தெறியவும் வேண்டாம்.

நீங்கள் கடிதத்தைப் படம்பிடித்து அனுப்பியதைப் பார்த்தேன். அதில் ஆதாரமாக இருப்பது ஒரு ஐபி இலக்கமும் (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஒரு இரவு நேரமும் மட்டுந்தான். அந்த இலக்கம் உங்கள் ரவுட்டரைக் காட்டும், ஆளைக் காட்டாது. பாஸ்வேர்டை எழுதி மாடிப்படிச் சுவரில் ஒட்டியிருப்பதாகச் சொல்கிறீர்கள். நால்வரும், அவர்களைப் பார்க்க வரும் நண்பர்களும் பாவித்திருக்கலாம். அமெரிக்காவில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் இதையே சொன்னது: இணைப்பு ஒருவரின் பெயரில் இருப்பது மட்டும் அவர்மேல் வழக்குப் போடப் போதாது.

இலங்கையில் எங்கள் சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். தண்டனை சிறியதல்ல. நீதவான் முன் நிரூபணமானால் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் வேண்டுமென்றே செய்ததாக நிரூபிக்க வேண்டும். கடிதம் தண்டனையை மட்டும் தடித்த எழுத்தில் போட்டுவிட்டு இதை விட்டுவிட்டது. எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான்.

கோரிக்கைக் கடிதம் அனுப்புவதில் பிழையில்லை, சட்டத்தரணியான நானும் அனுப்புகிறவன்தான். படம் எடுத்தவனின் உழைப்பைக் களவெடுப்பதும் பிழைதான். கடன்பட்டுப் படம் எடுக்கும் எங்கள் பொடியளுக்கு அதன் வலி தெரியும். ஆனால் யார் செய்தது என்று தேடாமல், வழக்காடும் செலவைவிடக் கொஞ்சம் குறைவாக ஒரு தொகையைப் போட்டு, மானத்துக்குப் பயந்து கட்டுவார்கள் என்று காத்திருப்பது சட்டத்தரணியின் வேலை அல்ல. இங்கிலாந்தில் ஏசிஎஸ் லோ என்ற நிறுவனம் ஆயிரக்கணக்கானோருக்கு இப்படி எழுதியது. வழக்குகள் நீதிபதி முன் வந்ததும் அவற்றைக் கைவிட முயன்றார்கள். அதை நடத்திய சட்டத்தரணி 2012இல் தொழிலிலிருந்து இரண்டு வருடம் இடைநிறுத்தப்பட்டார். அமெரிக்காவில் இன்னும் மோசம். படங்களைத் தாங்களே இணையத்தில் போட்டுவிட்டு, அவற்றைத் தரவிறக்கியவர்களிடம் காசு கறந்த சட்டத்தரணிகளில் ஒருவருக்கு 2019இல் 14 வருடச் சிறை கிடைத்தது.

சரி, இப்போது பிள்ளைகள் நால்வரையும் கூப்பிட்டு, அதட்டாமல் கேளுங்கள். யாராவது தரவிறக்கியிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் எந்தக் கணினியிலும் எதையும் அழிக்க விடாதீர்கள். அழித்தால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். அப்புறம் 14 நாளுக்குள் ஒரு சட்டத்தரணி மூலம் பதில் போகட்டும். படத்தின் உரிமை யாருடையது, அதற்குப் பத்திரம் எங்கே, உங்கள் பெயரும் முகவரியும் எந்த நீதிமன்றக் கட்டளையின் பேரில் கிடைத்தன, 150,000 என்ற கணக்கு எப்படி வந்தது என்று அதில் கேட்க வேண்டும். தெரியாததைத் தெரியும் என்றோ, நடந்ததை நடக்கவில்லை என்றோ ஒரு வரிகூட எழுத வேண்டாம். பிள்ளைகளில் ஒருவர் ஒப்புக்கொண்டால், நியாயமான தொகைக்கு அவர் பேசித் தீர்ப்பது வேறு விடயம், அதை நான் தடுக்க மாட்டேன்.

கட்டணம் கட்ட வசதியில்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்கலாம். போகும்போது கடிதத்தோடு அது வந்த உறையையும் கொண்டுபோங்கள். 14 நாள் எப்போது தொடங்கியது என்பதற்குத் தபால் முத்திரைத் திகதி தேவைப்படும்.