ஃபைபர் படகுப் பட்டறையில் ரெசின் நெடியும் கிரைண்டர் தூசியும் போக எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போதுமா?

போதாது. மேலே மாட்டியிருக்கும் ஃபேன் ஓடட்டும், கழற்ற வேண்டாம். ஆனால் அதை நம்பி ஆட்களைப் படகுக்குள் இறக்காதீர்கள்.

நான் ராமநாதபுரத்தில் ஃபேப்ரிகேஷன் வேலை செய்பவன். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை பல பட்டறைகளுக்கு டக்ட்டும் (காற்றுக் குழாய்) புளோயரும் (காற்றை இழுத்துத் தள்ளும் மோட்டார் விசிறி) செய்து மாட்டியிருக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பது இந்தப் பக்கத்தில் சகஜம்: மண்டபம் பக்கம் ஷெட், மணல் பறந்து ஜெல்கோட்டில் (படகின் வெளிப்பக்கப் பளபளப்புப் பூச்சில்) ஒட்டுகிறது என்று மூன்று பக்கமும் தகரம், சுவர் உச்சியில் இரண்டு ஃபேன். அப்படியும் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) ஒட்டுகிறவர்களுக்குத் தலை சுற்றுகிறது, கிரைண்டர் பிடிக்கிறவர்களுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. கடைக்காரர் பெரிய ஃபில்டர் மெஷின் ஒன்றை வாங்கச் சொல்கிறார்.

முதலில் நெடி. மேட்டை ஒட்டுகிற பிசினான பாலியெஸ்டர் ரெசினில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஸ்டைரீன் என்கிற, ஆவியாகிற திரவம்தான். அதன் ஆவி காற்றைவிட மூன்றரை மடங்கு கனம். திறந்த வெளியில் அது காற்றோடு கலந்து கரைந்துவிடும். படகின் குழிக்குள் காற்று அசையாது, அங்கேயே தேங்கும். உள்ளே குனிந்து ரோலர் உருட்டுகிற ஆளின் முகமும் அதே குழிக்குள்தான் இருக்கிறது. பதினைந்தடி உயரத்து ஃபேன் அவனுக்கு என்ன செய்யும்? அதுவும் திறந்த பக்கத்துக்கு அருகிலேயே ஃபேன் இருந்தால், வாசலில் வருகிற நல்ல காற்றை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். "இப்போ வாடையே தெரியலண்ணே" என்று ஆட்கள் சொன்னால் நம்பாதீர்கள், மூக்கு பழகியிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-ல் ஸ்டைரீனை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படுகிற பொருட்களோடு சேர்த்தது.

ஆகவே உறிஞ்சும் வாய் வேலை நடக்கிற இடத்துக்கே வர வேண்டும். ஊதுகிற காற்று தூரம் போகும், உறிஞ்சுகிற காற்று போகாது. குழாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே இழுப்பு வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். கணக்காகவே சொல்கிறேன். 20 செ.மீ. சதுர வாய், நொடிக்கு அரை மீட்டர் இழுப்பு வேண்டும் என்று வையுங்கள். வேலை 15 செ.மீ. தள்ளி நடந்தால் 280 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 280 கன அடி காற்று) இழுக்கிற புளோயர் போதும். 30 செ.மீ. தள்ளினால் கிட்டத்தட்ட 1,000 சி.எஃப்.எம். தேவை. பணத்தைப் பெரிய மோட்டாரில் கொட்டுவதைவிட, வளைந்து நகர்கிற ஃப்ளெக்ஸிபிள் ஹோஸில் போடுங்கள். 2025 வரை அமலில் இருந்த 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-வது பிரிவும் தூசியும் புகையும் எங்கே கிளம்புகிறதோ அதற்கு முடிந்த அளவு அருகிலேயே உறிஞ்சச் சொன்னது.

இழுப்பு இருக்கிறதா என்று பார்க்க ஊதுபத்தி போதும். ரெசின், அசிட்டோன் டின் எதுவும் திறக்காத காலை நேரத்தில் மட்டும் செய்யுங்கள். ஹோஸ் வாய்க்கு முன்னால் பத்தியைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு எடுங்கள். புகை வளைந்து வாய்க்குள் போவது எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு. கோட்டைத் தாண்டி நடக்கிற வேலைக்கு அந்த ஹோஸ் இருந்தும் இல்லாததுபோல.

புளோயர் சென்ட்ரிஃபியூகல் (கூட்டுக்குள் சக்கரம் சுழன்று காற்றைத் தள்ளும்) வகையாக இருக்கட்டும். சாதா எக்ஸாஸ்ட் ஃபேன் நீள டக்ட்டையும் ஃபில்டரையும் தாண்டி இழுக்காது. அதன் மோட்டார், ஆவி போகிற பாதைக்கு வெளியே இருக்க வேண்டும். ஸ்டைரீன் 31 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும், நம்மூர் சித்திரை வெயிலில் நிழலே அதைத் தாண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் விசைப்படகுகள் கரையேறி வேலை குவிகிறது. அதாவது நெடியும் வேலையும் ஒரே மாதத்தில் உச்சம். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகர டக்ட்டை உப்புக்காற்று தின்றுவிடும். ஃபைபர் வேலை தெரிந்தவர் நீங்கள், ஹூட்டையும் டக்ட்டையும் சொந்தமாகவே வார்த்துக்கொள்ளலாமே. ஹோஸுக்குள் இருக்கும் கம்பிச் சுருளை மட்டும் எர்த் பண்ணிவிடுங்கள்.

வெளியேற்றும் குழாய் கூரைக்கு மேலே நேராகப் போகட்டும். மழைக்குத் தொப்பி வைக்கிறார்கள், அது நெடியைத் திருப்பிக் கீழேயே தள்ளும். அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை விட்டால் தொப்பியே வேண்டாம். பக்கத்தில் கருவாடு காயப்போடுகிற களம் இருந்தால், வாடைக்காற்றிலும் கச்சான் காற்றிலும் (மேற்கிலிருந்து அடிப்பது) எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்த்துவிட்டுக் குழாயை வையுங்கள். இதில் பிறகு வருகிற சண்டை பெரிய தலைவலி.

தூசி வேறு கதை. கிரைண்டருக்கு மூடியோடு கூடிய உறிஞ்சும் கவசம் கிடைக்கிறது, அதை ஹெப்பா ஃபில்டர் (மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் வடிகட்டி) உள்ள இண்டஸ்ட்ரியல் வேக்குவத்தில் சேருங்கள். வீட்டு வேக்குவம் பொடித்தூசியைப் பின்பக்கமாகத் துப்பிவிடும். முடிந்த இடத்தில் தண்ணீர்த்தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டு ஈரமாகத் தேயுங்கள். சாயங்காலம் கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதித் தட்டுகிற பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். படிந்த தூசி அத்தனையும் மறுபடி மூக்குக்கு வரும்.

கடைக்காரர் சொன்ன மெஷினில் இருப்பது பை ஃபில்டர் மட்டும் என்றால், அது தூசியைப் பிடிக்கும், ஸ்டைரீனைப் பிடிக்காது. ஆவிக்கு ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும், அதுவும் கொஞ்ச நாளில் நிரம்பிவிடும். உங்கள் அளவுப் பட்டறைக்கு இழுத்து உயரே விடுவதுதான் கட்டுபடியாகும்.

நிற்கிற விதத்திலும் ஒன்று இருக்கிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் உடம்புக்கு முன்னால் சுழல் உண்டாகி நெடி முகத்துக்கே ஏறும். பக்கவாட்டில் அடிக்கிற மாதிரி நிற்கச் சொல்லுங்கள்.

மாஸ்க் கேட்டிருந்தீர்கள். என்-95 தூசிக்கு மட்டும். மேட் ஒட்டும்போது ஆர்கானிக் வேப்பர் காட்ரிட்ஜ் போட்ட அரைமுக மாஸ்க் வேண்டும், தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். வேலை முடிந்ததும் காட்ரிட்ஜைக் காற்றுப் புகாத பையில் கட்டி வையுங்கள். ஷெட்டில் ஆணியில் தொங்கவிட்டால் ராத்திரியெல்லாம் அங்கிருக்கும் நெடியை இழுத்துக் காலையில் பாதி காலியாகியிருக்கும்.