கொரோனா உருமாற்றமும் மாமியாரின் சர்க்கரையும்

கேள்வி: ஓசூரில் வேலை பார்க்கும் என் கணவர் சளி, தொண்டை வலி, இலேசான காய்ச்சலோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். 2025-இல் புதிதாகப் பரவிய என்பி.1.8.1 வகைக் கொரோனாவாக இருக்குமா? என் மாமியாருக்கு வயது 68; சர்க்கரை நோய் உண்டு.
– வாசகி, பாலக்கோடு

பதில்: என்பி.1.8.1 என்பது ஒமைக்ரான் வழியில் வந்த உருமாற்றம். 2025 மே 23 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைக் 'கண்காணிப்பில் உள்ள' வகைகளின் பட்டியலில் சேர்த்தது. கவலைக்குரிய வகைகளின் பட்டியலில் அல்ல. அதற்கு முன்பே, ஏப்ரலில், தமிழ்நாட்டில் ஒருவரிடம் இது கண்டறியப்பட்டது.

இதன் கூர்முனைப் புரதத்தில் (கிருமி நம் செல்களில் ஒட்டிக்கொள்ள உதவும் பகுதி) ஏற்பட்டுள்ள மாற்றங்களால், முன்பு நமக்கு உண்டான எதிர்ப்பாற்றலுக்குச் சற்றே தப்பி, 2025-இல் மற்ற வகைகளை முந்திப் பரவியது. நோயை முன்பைவிடக் கடுமையாக்குவதாக இதுவரை சான்று இல்லை. ஆனால், ஒரு புதிய வகையின் கடுமையைத் தொடக்கத்தில் அளவிடுவது கடினம். மருத்துவமனைக்கு வருவோருக்கே பெரும்பாலும் பரிசோதனை நடக்கிறது, இலேசான காய்ச்சலோடு வீட்டிலேயே தேறிவிடுவோர் கணக்கில் வருவதில்லை. தடுப்பூசி போட்டுப் பல ஆண்டுகளான முதியவர்களை இது எப்படித் தாக்கும், நீண்டகால விளைவுகள் என்ன என்பனவும் இன்னும் தெளிவாகவில்லை.

உங்கள் கணவருக்கு வந்திருப்பது கொரோனாவா, ஃப்ளூவா என்பதையே அறிகுறிகளை வைத்துச் சொல்ல முடியாது. ஆர்டிபிசிஆர் பரிசோதனை கொரோனா உண்டா இல்லையா என்று சொல்லுமே தவிர, எந்த வகை என்று சொல்லாது. அதற்குக் கிருமியின் மரபணுவைப் படித்தறியும் மரபணு வரிசைப்படுத்தல் தேவை, அதுவும் தேர்ந்தெடுத்த மாதிரிகளுக்கே செய்யப்படுகிறது. வகை தெரிந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்பதால், அந்த முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியவர் மாமியார்தான். காய்ச்சல் விடும் வரையாவது கணவர் தனி அறையில், சன்னல் திறந்திருக்கும்படி இருக்கட்டும். வெளியே வரும்போது முகக்கவசம் அணியட்டும். மாமியாருக்கும் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காய்ச்சலின்போது சர்க்கரை ஏறும் என்பதால், தினமும் அளந்து பாருங்கள். சாப்பிட முடியாமல் போனால் சர்க்கரை மாத்திரையின் அளவை நீங்களாகவே மாற்றாமல் மருத்துவரைக் கேளுங்கள். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கித் தருவது மட்டும் கூடவே கூடாது: 2021-இல் சர்க்கரை நோயாளிகள் பலரைக் கருப்புப் பூஞ்சை தாக்கியதற்குக் கட்டுப்பாடற்ற சர்க்கரையும் அளவுமீறிய ஸ்டீராய்டும் சேர்ந்ததே முக்கியக் காரணம். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, மூச்சுத் திணறலோ குழப்பமான பேச்சோ தென்பட்டாலோ, விடியட்டும் என்று பொறுத்திராமல் 108-ஐ அழைத்துத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.